ஊசி வதந்தியும் மரக்கன்றும்: விவேக்கை மக்கள் வழியனுப்பிய விதம்

2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை. தமிழ்ப் புத்தாண்டு முடிந்து மூன்றே நாள். சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, முடிவுக்காக மே 2 வரை மாநிலமே காத்திருந்த நேரம். கொரோனாவின் இரண்டாவது அலை மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டிருந்தது. அன்று காலை எழுந்து செல்போனைக் கையில் எடுத்தவர்களுக்கு முதலில் கிடைத்த செய்தி: நடிகர் விவேக் காலமானார். அதிகாலை 4.35 மணிக்கு உயிர் பிரிந்திருந்தது. வயது 59.

முந்தைய நாளே அவர் மயக்கமடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். எக்மோ கருவி பொருத்தியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். இருந்தாலும் ‘மனுஷன் எழுந்து வந்து இதை வைத்தே ஒரு காமெடி பண்ணுவார்’ என்றுதான் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலையில் வீட்டுக்கு வீடு கேட்ட முதல் கேள்வி, “நேத்து முந்தாநாள்தானே டி.வி-யில பேசினார்?” என்பதாகத்தான் இருந்திருக்கும்.

ஆமாம், பேசினார். அதுதான் விஷயமே.

ஏப்ரல் 15-ம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார் விவேக். தனியார் மருத்துவமனையில் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். ஏழை எளிய மக்கள் வந்து போகும் அரசு மருத்துவமனையில், கேமராக்களுக்கு முன்னால் போட்டுக்கொள்வதையே அவர் தேர்ந்தெடுத்தார். பக்கத்தில் அன்றைய சுகாதாரத்துறைச் செயலாளர் ராதாகிருஷ்ணன். சித்த மருந்தும் வைட்டமின் மாத்திரையும் கூடுதல் பலம்தான், உயிரைக் காப்பது தடுப்பூசிதான் என்கிற ரீதியில் பொறுமையாக விளக்கினார். ஊசி போட்டால் கொரோனா வரவே வராது என்று அர்த்தமில்லை, உயிருக்கு ஆபத்து குறையும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ‘ஊசி போட்டால் என்ன ஆகுமோ’ என்று ஊரே தயங்கிக்கொண்டிருந்த நாள்கள் அவை. அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் அவர் போயிருந்தார்.

மறுநாள் காலை வீட்டில் மயங்கி விழுந்தார். வடபழனியில் உள்ள தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது நினைவில்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது பக்க முக்கிய ரத்தக்குழாயில் 100 சதவிகித அடைப்பு என்றார்கள் மருத்துவர்கள். ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, ஸ்டென்ட் வைத்து, எக்மோவில் வைத்துப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த நாள் விடியவில்லை.

விருகம்பாக்கத்தில் கூடிய கூட்டம்

விருகம்பாக்கம் வீட்டில் உடல் வைக்கப்பட்டது. மாஸ்க் போட்டுக்கொண்டு, இடைவெளி விட முயன்று தோற்றுப்போய், மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சூர்யா, கார்த்தி, ஜோதிகா என்று திரையுலகமும் வந்தது. வர முடியாதவர்கள் ட்விட்டரில் எழுதினார்கள். பிரதமர் மோடியின் இரங்கலில் அவருடைய நகைச்சுவையோடு சேர்த்து, சுற்றுச்சூழல் மீது அவருக்கிருந்த அக்கறையும் குறிப்பிடப்பட்டிருந்தது. ஒரு காமெடி நடிகருக்கான இரங்கல் செய்தியில் சுற்றுச்சூழல் இடம்பெறுவதெல்லாம் அபூர்வம்தான்.

வடிவேலுவின் வீடியோதான் பலரையும் உலுக்கியது. ‘விவேக்கா, வடிவேலுவா’ என்று இருபது வருடமாக டீக்கடையிலும் கல்லூரி கேன்டீனிலும் பட்டிமன்றம் நடத்திய ரசிகர்கள், ஒருவருக்காக இன்னொருவர் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்தார்கள். அந்தப் பட்டிமன்றம் அன்றோடு முடிந்தது.

அரசு, காவல்துறை மரியாதையோடு இறுதிச்சடங்கு என்று அறிவித்தது. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்ததால் அதற்கும் தேர்தல் ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. மாலையில் மேட்டுக்குப்பம் மின்மயானத்தில் 78 குண்டுகள் முழங்க உடல் தகனம் செய்யப்பட்டது. இறுதிச்சடங்குகளைச் செய்தவர் அவருடைய மகள். 2015-ல் 13 வயது மகனைப் பறிகொடுத்த வீடு அது. அந்தக் காட்சியை டி.வி-யில் பார்த்து அழாத அம்மாக்கள் குறைவு.

சிரிக்க வைப்பவர்களுக்கு இந்த மரியாதை எப்போதும் கிடைத்துவிடுவதில்லை. விவேக்குக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2009 ஜனவரி 25-ம் தேதி. அதே வாரத்தில், ஜனவரி 31-ம் தேதி, நாகேஷ் காலமானார். தமிழ் சினிமாவுக்கு நகைச்சுவை என்றால் என்னவென்று காட்டிய அந்த மனிதருக்குக் கடைசி வரை ஒரு பத்ம விருதும் இல்லை. அந்த வருத்தம் நாகேஷ் ரசிகர்களுக்கு இன்றைக்கும் உண்டு. நியாயமான வருத்தம்.

ஒரே போனில் இரண்டு விவேக்

அன்று முழுக்க வாட்ஸ்அப்பில் விவேக்தான். ‘ரன்’ படத்தின் காக்கா பிரியாணி, ‘மின்னலே’, ‘சாமி’, ‘அந்நியன்’ என்று பழைய காமெடிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தன. சிரித்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்து, பாதியில் தொண்டை அடைத்துப்போய் நிறுத்தியவர்கள் நிறைய பேர். அதிகம் சுற்றியவற்றில் ஒன்று, லாரியில் எலுமிச்சம்பழம் கட்டுகிற காட்சி. இத்தனை நூறு உதிரிப் பாகங்கள் இருந்தும் ஓடாத வண்டி ஓர் எலுமிச்சம்பழத்தில் ஓடிவிடுமா என்று அவர் கேட்கிற காமெடி. மூடநம்பிக்கையைச் சிரிக்கச் சிரிக்க உரித்ததற்காகத்தானே ‘சின்னக் கலைவாணர்’ என்று பெயர் வாங்கினார்! 1957-ல் மறைந்த என்.எஸ்.கிருஷ்ணனின் பட்டத்தில் பங்கு கிடைப்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

அந்தக் காமெடி வந்த அதே போனில், அதே குரூப்பில், அடுத்த ஃபார்வர்டாக இன்னொன்றும் வந்தது. ‘ஊசி போட்டதாலதான் விவேக் செத்துட்டார். யாரும் போடாதீங்க. எல்லோருக்கும் பகிரவும்.’

எலுமிச்சம்பழக் காமெடிக்குச் சிரித்த அதே விரல்தான் இதையும் தள்ளிவிட்டது. வேண்டுமென்றே வதந்தி பரப்பியவர்கள் கொஞ்சம் பேர் இருக்கலாம். மற்றவர்கள் பயத்தில் செய்தார்கள். வியாழக்கிழமை ஊசி, வெள்ளிக்கிழமை மயக்கம், சனிக்கிழமை மரணம். இந்த வரிசையைப் பார்த்த சாதாரண மனிதருக்குச் சந்தேகம் வந்தது தப்பே இல்லை. பக்கத்து வீட்டில் இப்படி நடந்திருந்தாலும் அந்தச் சந்தேகம் வந்திருக்கும்.

மருத்துவர்கள் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. விவேக் சிகிச்சையில் இருந்தபோதே, சிகிச்சை அளித்த மருத்துவர்களும் சுகாதாரத்துறைச் செயலாளரும் செய்தியாளர்களைச் சந்தித்து, மாரடைப்புக்கும் தடுப்பூசிக்கும் சம்பந்தம் இல்லை என்றார்கள். ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது பல வருட சமாசாரம். அந்தப் படிவு ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறையும்போதுதான் குழாய் முழுசாக அடைத்துக்கொள்கிறது. அதுவரை ஆள் நடப்பார், ஓடுவார், படப்பிடிப்புக்குப் போவார். வெளியே ஒன்றும் தெரியாது. நெஞ்சுவலிக்கு ‘வாயுப் பிடிப்பு’ என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிற ஊரில் இதை எடுத்துச் சொல்ல அன்று நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருந்தது. பேச்சு முழுக்க ஊசியிலேயே நின்றுவிட்டது.

தடுப்பூசியைப் பற்றித் தாறுமாறாகப் பேசியதாக ஒரு நடிகர் மேல் வழக்கு பதிவானது. அவருக்கு முன்ஜாமீன் கொடுத்த சென்னை உயர் நீதிமன்றம், தடுப்பூசி வாங்குவதற்காக 2 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. விவேக் இருந்திருந்தால் இதை அப்படியே ஒரு காட்சியாக எழுதியிருப்பார்!

மனித உரிமை ஆணையம் வரைக்கும் புகார் போனது. தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசிய அளவிலான குழு விசாரித்து, மரணத்துக்குக் காரணம் தடுப்பூசி இல்லை என்று சொன்ன தகவல் அக்டோபரில் வெளியானது. ஏப்ரலில் எழுந்த சந்தேகத்துக்கு அக்டோபரில் முழுப் பதில். நடுவில் அந்த மே மாதம் வந்து போனது. ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற மே மாதம். ஊசி போடலாமா, வேண்டாமா என்று வீட்டுப் பெரியவர்கள் தள்ளிப்போட்டதற்கு, ‘விவேக்கைப் பார்த்தீங்கள்ல’ என்கிற ஒற்றை வரி போதுமானதாக இருந்தது. எதற்காக அவர் ஓமந்தூரார் மருத்துவமனைக்குப் போனாரோ, அதற்கு நேர்மாறாக அவர் பெயரே பயன்பட்டதுதான் இந்தக் கதையில் மிகக் கொடுமையான பகுதி.

கையில் கன்றோடு வந்தவர்கள்

இனி இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அஞ்சலி செலுத்த மாலை வாங்காமல் மரக்கன்று வாங்கியவர்கள்.

அப்துல் கலாமின் தூண்டுதலில் ‘கிரீன் கலாம்’ திட்டத்தை 2010-ல் ஆரம்பித்தார் விவேக். ஒரு கோடி மரக்கன்றுகள் நட வேண்டும் என்பது இலக்கு. அவர் மறைந்தபோது அந்தக் கணக்கு 33 லட்சத்தைத் தாண்டியிருந்தது என்று செய்திகள் சொல்லின. பள்ளி, கல்லூரி, கிராமம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், மாணவர்கள் கையால் குழி தோண்ட வைத்தார். சினிமா வாய்ப்பு குறைந்த நாள்களிலும் அதை விடவில்லை. ‘காமெடி பண்ணுறதை விட்டுட்டு மரம் நடப் போயிட்டார்’ என்று கிண்டல் செய்தவர்களும் அப்போது உண்டு.

ஏப்ரல் 17-ல் அதெல்லாம் மக்களுக்கு நினைவு வந்தது. இறுதி அஞ்சலிக்கே சிலர் கன்றுகளோடு வந்தார்கள். ஊர் ஊராக இளைஞர்கள் கன்று நட்டு, அதன் முன்னால் அவர் படத்தை வைத்துக் கும்பிட்டார்கள். சில நடிகர் நடிகைகளும் வீட்டு வாசலில் நட்டு, படம் போட்டார்கள். மரங்கள் தலைகுனிந்து அழுவது மாதிரியும், கலாம் கைநீட்டி அவரை வரவேற்பது மாதிரியும் வரைந்த ஓவியங்கள் ஸ்டேட்டஸ்களை நிறைத்தன. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ‘விவேக் செத்துட்டார், ஒரு மரம் நடணும்’ என்று அவரவர்க்குத் தோன்றியது. ஒரு நடிகரின் சாவுக்கு இப்படி ஒரு சடங்கு அதுவரை தமிழ்நாட்டில் இருந்ததில்லை. பாலாபிஷேகமும் கட்-அவுட்டும்தான் நமக்குப் பழக்கம்.

நட்ட கன்றெல்லாம் பிழைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. சித்திரை வெயிலில் வைத்த கன்று அது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் காணாமல் போய்விடும். கன்றுக்கு வேர் பிடித்து நிற்கும் வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வாரமே இரவு ஊரடங்கு வந்தது, மே மாதத்தில் முழு ஊரடங்கு. வாசலில் நட்டவர்கள் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். சாலையோரத்தில் நட்டதற்கு யார் போயிருப்பார்கள்? ஆனாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் 17 வந்தால், இது விவேக் சாருக்காக நட்டது என்று தலைக்கு மேல் வளர்ந்த மரத்தோடு நின்று படம் போடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

2022 மே மாதம், அவர் குடியிருந்த விருகம்பாக்கம் பத்மாவதி நகர் பிரதான சாலைக்கு ‘சின்னக் கலைவாணர் விவேக் சாலை’ என்று பெயர் வைக்கப்பட்டது. குடும்பத்தினர் முதல்வரிடம் வைத்த கோரிக்கை அது. சீக்கிரமே நிறைவேறியது.

போன பிறகும் வந்துகொண்டே

வேடிக்கை என்னவென்றால், விவேக் மறைந்த பிறகும் புதிது புதிதாகத் திரையில் வந்துகொண்டிருந்தார். 2021 ஆகஸ்ட்டில் அமேசான் ப்ரைமில் ‘எல்.ஓ.எல் - எங்க சிரி பாப்போம்’ வெளியானது. நகைச்சுவைக் கலைஞர்களை ஒரே வீட்டில் அடைத்து வைப்பார்கள். அடுத்தவரைச் சிரிக்க வைக்க வேண்டும். தான் சிரித்துவிட்டால் அவுட். அதை நடத்துபவர்களில் ஒருவர் விவேக். யார் சிரிக்கிறார்கள் என்று திரையில் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கும் அதே சோதனைதான். சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அடுத்து ‘அரண்மனை 3’. அப்புறம் இன்னும் சில படங்கள். கடைசியாக 2024 ஜூலையில் ‘இந்தியன் 2’. கே.பாலசந்தர் அறிமுகம் செய்து, 1987-ல் ‘மனதில் உறுதி வேண்டும்’ படத்தில் வந்த நடிகருக்கு, பாலசந்தரின் இன்னொரு சிஷ்யரான கமல்ஹாசனோடு மட்டும் ஒரு படம் அமையாமலே இருந்தது. அந்தக் குறை ‘இந்தியன் 2’-ல் தீர்ந்தது. டப்பிங் பேச அவர் இல்லாததால், வேறொருவரின் குரலில் பேசினார் விவேக்.

படத்தைப் பற்றி ஆளுக்கொரு விமர்சனம் சொன்னார்கள். அவர் முதலில் திரையில் தெரிந்த இடத்தில் தியேட்டரில் கைதட்டல் எழுந்தது. வசனம் எதுவும் இன்னும் ஆரம்பித்திருக்கவில்லை.