ஜனநாயகத்தின் பெயரால் ஒரு கடன் வசூல்

'ஜனநாயக நாடுகளின் கூட்டணி' என்ற சொல் தில்லியின் ஆட்சியாளர் வட்டாரங்களில் மந்திரம் போல் ஓதப்படுகிறது. அமெரிக்காவுடன் ராணுவ உறவை இறுக்கிக்கொள்ள இதைவிட வேறு நியாயம் தேவையில்லை என்பதுபோல் பெருமுதலாளித்துவ ஊடகங்களும் அதை எதிரொலிக்கின்றன. இந்த மந்திரம் நூறாண்டுக்கும் மேல் பழையது. உலகை ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக்க வேண்டும் என்று 1917 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் முழங்கித்தான் ஜனாதிபதி உட்ரோ வில்சன் தமது நாட்டை முதல் உலகப் போரில் இறக்கினார். அந்த ஜனநாயகம் யாரைக் காத்தது, யாரைச் சிறையில் தள்ளியது என்பதை இந்திய விடுதலைப் போராளிகள் சொந்த அனுபவத்தில் அறிந்தவர்கள்.

அதற்கு ஐந்து மாதங்கள் முன்புதான், 'நம்மைப் போரிலிருந்து விலக்கி வைத்தவர்' என்ற பிரச்சாரத்துடன் வில்சன் மறுபடியும் வென்றிருந்தார். பிப்ரவரியில் ஜெர்மனி கட்டுப்பாடற்ற நீர்மூழ்கித் தாக்குதலைத் தொடங்கியது. மெக்சிகோவை அமெரிக்காவுக்கு எதிராகத் தூண்டிய ஜிம்மர்மன் தந்தி மார்ச்சில் அம்பலமானது. பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. மீதிக் கதை கணக்குப் புத்தகங்களில் இருக்கிறது.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது, போரிடும் நாடுகளுக்குக் கடன் கொடுப்பது நடுநிலையின் உணர்வுக்கு ஒவ்வாதது என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பிரையன் அறிவித்தார். சரக்கு விற்கலாம், கடன் கூடாது என்பது நிலை. 1915 தொடக்கத்தில் மார்கன் வங்கி பிரிட்டனின் கொள்முதல் முகவரானது. தோட்டா, கோதுமை, பருத்தி எதுவானாலும் அதன் கை வழியே சென்றது, ஒவ்வொன்றுக்கும் தரகு. விற்ற சரக்குக்குப் பணம் வர வேண்டுமானால் வாங்குபவனுக்குக் கடன் தேவை. பிரையன் பதவி விலகிய சில மாதங்களில், 1915 அக்டோபரில், பிரிட்டனும் பிரான்சும் 50 கோடி டாலர் கடனை அமெரிக்கச் சந்தையில் திரட்டின. 1917 ஏப்ரலுக்குள் நேச நாடுகளுக்குச் சென்ற கடன் சுமார் 230 கோடி டாலர். ஜெர்மனிக்குச் சென்றதோ சுமார் 2 கோடியே 70 லட்சம் டாலர். நடுநிலையின் எடை இவ்வளவுதான்.

போட்ட முதல் திரும்ப வேண்டுமானால் ஒரு தரப்பு வென்றாக வேண்டும். 1916 இறுதியில் பிரிட்டனின் கஜானா வறண்டு கொண்டிருந்தது. பிணையில்லாத பிரிட்டிஷ் கடன் பத்திரங்களை வாங்குவதில் எச்சரிக்கை தேவை என்று அமெரிக்க மத்திய வங்கி வாரியமே அறிவித்தது. 1917 மார்ச் 5 அன்று லண்டனிலிருந்த அமெரிக்கத் தூதர் வால்டர் பேஜ் வில்சனுக்கு அனுப்பிய தந்தி ஒளிவுமறைவின்றிப் பேசியது. அமெரிக்காவின் வர்த்தக மேலாதிக்கத்தைத் தக்கவைக்கவும் நிதி நெருக்கடியைத் தவிர்க்கவும் ஜெர்மனி மீது போர் தொடுப்பது ஒன்றே வழியாக இருக்கக்கூடும் என்றார் அவர். ஏப்ரல் 6 அன்று போர் அறிவிக்கப்பட்டது. தங்கத்தின் கட்டளைக்குப் பணிந்து போருக்குப் போகிறோம் என்று செனட்டில் சாடியவர் நெப்ராஸ்காவின் ஜார்ஜ் நாரிஸ். அவர் சோசலிஸ்ட் அல்ல, குடியரசுக் கட்சிக்காரர் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஐரோப்பாவில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஜனநாயகத்தின் எதிரியை முதலில் உள்நாட்டில்தான் வேட்டையாடினார்கள். 1917 ஜூனில் உளவுச் சட்டம், மறு ஆண்டு மே மாதத்தில் ராஜதுரோகச் சட்டம். கட்டாய ராணுவ சேவையை எதிர்த்துப் பேசினாலே சிறை. ஒஹையோ மாநிலம் கான்டனில் நிகழ்த்திய ஒரே ஒரு உரைக்காக சோசலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு 10 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. 1920 ஜனாதிபதித் தேர்தலில் அட்லாண்டா சிறைக்குள்ளிருந்தே போட்டியிட்ட அவர் 9 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றார். ஐ.டபிள்யூ.டபிள்யூ. தொழிற்சங்கத்தின் தலைவர்கள் சுமார் நூறு பேர் சிகாகோவில் ஒரே வழக்கில் தண்டிக்கப்பட்டனர்.

இந்தியர்களின் கதை இங்கேதான் இணைகிறது. பசிபிக் கடற்கரையின் மரம் அறுக்கும் ஆலைகளிலும் பண்ணைகளிலும் உழைத்த பஞ்சாபியர்கள் 1913இல் உருவாக்கியது கதர் கட்சி. அதன் தலைவர் சோகன் சிங் பக்னா ஓர் ஆலைத் தொழிலாளி. அந்தமான் சிறை கண்டு, பின்னாளில் கம்யூனிஸ்ட்டாக வாழ்ந்தவர். 1915 வசந்தத்தில் இந்தியப் புரட்சிக்கென வாங்கிய ஆயுதங்களுடன் சான் டியாகோவிலிருந்து ஆனி லார்சன் என்ற பாய்மரக் கப்பல் புறப்பட்டது. சந்திக்க வேண்டிய கப்பலைக் காணாமல் அலைந்து, வாஷிங்டன் மாநிலக் கரையில் அது அமெரிக்க அதிகாரிகளிடம் சிக்கியது. அதே நாட்களில் அட்லாண்டிக் துறைமுகங்களிலிருந்து பிரிட்டனுக்கு வெடிமருந்து மலைமலையாகப் போய்க்கொண்டிருந்தது. அது குற்றமல்ல, வணிகம்.

நடவடிக்கை எடுக்குமாறு பிரிட்டன் நெடுநாளாக நெருக்கி வந்தது. அமெரிக்கா போரில் இறங்கியதும் வழக்கு வேகம் பெற்றது. 1917 நவம்பர் முதல் 1918 ஏப்ரல் வரை சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விசாரணையில், பிரிட்டிஷ் உளவுத்துறை திரட்டித் தந்த சான்றுகளைக் கொண்டு இந்தியர்களும் ஜெர்மன் தூதரக அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டனர். சாட்டப்பட்ட குற்றம் அமெரிக்காவின் நடுநிலையை மீறியது! தாரகநாத் தாஸ் லெவன்வொர்த் சிறைக்குப் போனார். சிகாகோ வழக்கின் தொழிற்சங்கத் தலைவர்களும் அதே சிறைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். இந்தியர்களுக்கு உதவியதற்காக ஆக்னஸ் ஸ்மெட்லி என்ற இளம் அமெரிக்கப் பெண் உளவுச் சட்டத்தின் கீழ் நியூயார்க்கில் அடைக்கப்பட்டார். வெளியே வந்தபின் கதர் போராளிகளை நாடு கடத்துவதற்கு எதிரான இயக்கத்தில் முன்நின்றவரும் அவரே.

வில்சனின் சொல்லை நம்பியவர்களுக்கு நேர்ந்ததும் பெரிதாக வேறல்ல. சென்னையிலிருந்து எஸ்.சுப்பிரமணிய ஐயர் 1917 ஜூனில் இந்தியத் தன்னாட்சிக்கு ஆதரவு கோரி வில்சனுக்குக் கடிதம் எழுதினார். பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தபோது, தமது சர் பட்டத்தையே அவர் துறந்தார். பாரிசில் சமாதான மாநாடு கூடியிருந்த நாட்களில்தான் ரௌலட் சட்டம் வந்தது, ஜாலியன்வாலா பாக் நடந்தது. அதே 1919 ஏப்ரலில் எகிப்தின் மீதான பிரிட்டிஷ் ஆதிக்கத்தை அமெரிக்கா அங்கீகரித்தது. பாட்டாளி வர்க்கம் அதிகாரத்தைக் கைப்பற்றிய ரஷ்யாவுக்கோ, ஆர்க்கேஞ்சலிலும் சைபீரியாவிலும் படைகளையே இறக்கியது.

போர் முடிந்தபோது அமெரிக்கர் 1 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர்; பாதிக்கும் மேல் நோய்க்குப் பலி. வெடிமருந்து நிறுவனமான டூபான்ட்டின் சராசரி ஆண்டு லாபம் 60 லட்சம் டாலரிலிருந்து 5 கோடியே 80 லட்சம் டாலராக உயர்ந்தது. இந்தக் கணக்கை 1935இல் எழுதி வைத்தவர் இடதுசாரிப் பொருளாதார அறிஞர் அல்ல, அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் ஓய்வுபெற்ற தளபதி ஸ்மெட்லி பட்லர்.

கவனிக்க வேண்டியது இறங்கிய விதம். 1914இல் சரக்கு, 1915இல் கடன், 1917இல் சிப்பாய். ஒவ்வொரு படியிலும், இதற்கு மேல் இல்லை என்றே மக்களிடம் சொல்லப்பட்டது. இந்தியா 2016இல் கையெழுத்திட்ட தளவாடப் பரிமாற்ற ஒப்பந்தம் அமெரிக்கப் போர்க்கப்பல்களும் விமானங்களும் இங்கே எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் வழி செய்கிறது. 2018இல் தகவல் தொடர்பு ஒப்பந்தம், 2020இல் புவியியல் தரவு ஒப்பந்தம். ஒவ்வொரு முறையும் தனித்தனி அனுமதி உண்டு, இது ராணுவக் கூட்டு அல்ல என்கிறது ஒன்றிய அரசு. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சரக்கு மற்றும் வெடிமருந்துக் கப்பலான சார்லஸ் ட்ரூ, சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளித் தளத்துக்குப் பழுது பார்க்க வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது அதுவே முதல்முறை.

1917 போர்த் தீர்மானத்தை அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் 50 பேரும் செனட்டில் 6 பேரும் எதிர்த்தனர். எதிர்த்து வாக்களிக்க அவர்களுக்கு ஓர் அவையேனும் இருந்தது. மேற்சொன்ன மூன்று ஒப்பந்தங்களில் ஒன்றுகூட இந்திய நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வைக்கப்படவில்லை.