செகண்ட் வயலின்காரர் என்ன பண்றார்?

"இந்த வாரம் குவார்டெட் பத்தி எழுதப் போறேன் மச்சி"ன்னு சொன்னதும் எங்க மாடி ரூம்ல இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்துல திரும்புச்சு. "எங்க? எப்போ? யாரு செலவு?"ன்னு ஆர்வமா கேட்டான் ஒருத்தன். அட, குவார்ட்டர் இல்லப்பா... குவார்டெட். ஸ்ட்ரிங் குவார்டெட்! ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நாலு பேர், பதினாறு தந்தி. பாடறவர் கிடையாது, மிருதங்கம் கிடையாது, நடுவுல நின்னு குச்சியை ஆட்டுற கண்டக்டரும் கிடையாது. விளக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள எல்லாத் தலையும் பழையபடி செல்போனுக்குள்ள போயிடுச்சு.

நீங்களாவது கொஞ்ச நேரம் இருங்க. ஏன்னா ஒரு குவார்டெட் ட்யூன் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நம்பலையா? 2014 வேர்ல்டு கப் ஃபுட்பால் ஃபைனல் ஞாபகம் இருக்கா? மேட்ச்சுக்கு முன்னாடி ஜெர்மனி டீம் தோள்மேல கை போட்டு நின்னு பாடினாங்களே, அந்த தேசிய கீதம்... அந்த மெட்டு ஹைடனோடது. 1797-ல் ஆஸ்திரியாவோட சக்கரவர்த்தி ஃப்ரான்ஸ் பிறந்த நாளுக்காகப் போட்டது. மனுஷனுக்குத் தன் மெட்டு மேல அவ்வளவு ஆசை. அதே வருஷம் அதைத் தூக்கி ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட்டுக்குள்ள வெச்சுட்டார். ஓபஸ் 76, மூணாவது குவார்டெட், ரெண்டாவது பகுதி. 'எம்பரர்' குவார்டெட்னு தேடினா யூ-டியூப்லயே வரிசையா வந்து நிக்கும். ஏழெட்டு நிமிஷம்தான், ஒரு டீ குடிக்கிற நேரம்.

இதுல மேட்டர் என்னன்னா, அந்த மெட்டை ஹைடன் மாத்தவே இல்லை. நகாசு வேலை எல்லாம் சுத்தி நடக்கும். மெட்டு மட்டும் அப்படியே இருக்கும். முதல் தடவை ஃபர்ஸ்ட் வயலின் வாசிக்கும். அடுத்த ரவுண்டு செகண்ட் வயலினுக்கு. அப்போ மத்த ரெண்டு பேரும் வில்லை இறக்கி வெச்சுட்டு சும்மா இருப்பாங்க. ஃபர்ஸ்ட் வயலின் மட்டும் மெட்டைச் சுத்திக் குட்டிக் குட்டியா ஓடிக்கிட்டே இருக்கும். மூணாவது ரவுண்டு செல்லோவுக்கு. நாலாவது வியோலாவுக்கு. கடைசியில திரும்பவும் ஃபர்ஸ்ட் வயலின், ஆனா இந்த முறை மத்த மூணு பேரும் கீழே போட்டுக் கொடுக்கிற இடம் வேற. அதே மெட்டுதான்... கேக்கும்போது ஒரு வயசு கூடிப்போன மாதிரி இருக்கும்.

இப்ப ஒரு சின்ன வேலை. ரெண்டாவது ரவுண்டு வரும்போது உங்க காது தானா எங்க போகுதுன்னு பாருங்க. நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு அந்த ஓட்டம் காட்டுற ஃபர்ஸ்ட் வயலின் மேலதான் போகும். மெட்டு வாசிக்கிற செகண்ட் வயலின்காரர் பாவம், தன் டர்ன் வந்தும் கவனிக்க ஆள் இல்லாம வாசிச்சுக்கிட்டிருப்பார். காதைப் பிடிச்சு இழுத்து அவர்கிட்ட உக்கார வைங்க. முதல் தடவை வராது. மூணாவது தடவை வரும். வந்தப்புறம் ஒண்ணு கவனிப்பீங்க: அந்த ஓட்டமே அவரை நம்பித்தான் நடக்குது. அவர் ஒரு நூல் அசைஞ்சா அவ்வளவும் கொட்டிடும்.

இதுக்குத்தான் ரெக்கார்டிங் வேணும்கிறேன். "நேர்ல கேக்குறதுதான் பாஸ் சங்கீதம்"னு சொல்றவங்க இருக்காங்க. சரிதான், ஆனா நேர்ல வாசிக்கிறவர்கிட்ட போய், "சார், அந்த இடத்தை இன்னொரு ஏழு தடவை, உங்களை விட்டுட்டு பக்கத்துல இருக்கறவரை மட்டும் நான் கேக்கணும்"னு சொல்ல முடியுமா? ரெக்கார்டிங்ல முடியும். ஸ்டீரியோவில் பதிவு பண்ணும்போது பெரும்பாலும் ஃபர்ஸ்ட் வயலின் உங்க இடது காதுப் பக்கம் இருப்பார், அவருக்குப் பக்கத்துல செகண்ட், வலது பக்கம் வியோலாவோ செல்லோவோ. நாற்காலி போட்ட மாதிரி ஆளைப் பிரிச்சுடலாம். ஒரே ஒரு வேண்டுகோள், போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க. செல்லோ மொத்தமா காணாமப் போயிடும். நாலு பேர்ல ஒருத்தரை வாசல்லயே நிறுத்திட்டு மூணு பேருக்கு சாப்பாடு போடுற கதை அது. பஸ் ஸ்டாண்டுல விக்கிற சுமாரான இயர்போன் போதும்.

"சோக சீன் மியூசிக் மாதிரி இருக்கே"ன்னு சொல்வீங்க. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. தப்பு நம்ம மேல இல்லை. சினிமாவிலயும் சீரியல்லயும் யாராவது ஆஸ்பத்திரி பெட்ல படுத்தா வயலின் எழுந்துக்கும், அப்படியே பழகிட்டோம். ஆனா யோசிச்சுப் பாருங்க, நாம தொட்டில்ல இருந்து கேட்ட வயலின் எல்லாம் சோகமா? இளையராஜா பாட்டுல பல்லவி முடிஞ்சு சரணம் வர்றதுக்குள்ள ஒரு வயலின் கூட்டம் பொங்கி வருமே, அதைக் கேட்டு வளர்ந்த காது நம்மளோடது. அந்தக் கூட்டத்துலயும் ஃபர்ஸ்ட், செகண்ட், வியோலா, செல்லோன்னு வரிசை உண்டு. ராஜா ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியா நோட்ஸ் எழுதிக் கொடுப்பார். நமக்குத்தான் அது மொத்தமா 'வயலின்ஸ்'! கேசட் அட்டையில பாடகர் பேர் இருக்கும், கவிஞர் பேர் இருக்கும். வாசிச்ச அம்பது பேர்ல ஒருத்தர் பேர் இருக்காது. இது எனக்கு ரொம்ப நாளா இருக்கிற வருத்தம்.

அந்தக் கூட்டத்துல இருந்து வெளியே வந்து உக்கார்ந்த நாலு பேர்தான் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட். தலைவர் வி.எஸ்.நரசிம்மன். 1986-ல் இளையராஜா, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையா 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் போட்டாரே, அதுல உயிரை உருக்குற அந்தத் தனி வயலின் இவர்தான். கே.பாலசந்தரோட 'அச்சமில்லை அச்சமில்லை' (1984) படத்துக்கு மியூசிக் போட்டவரும் இவரே. செல்லோவுக்கு வி.ஆர்.சேகர், அவரும் ரெக்கார்டிங் தியேட்டர்லயே வாழ்ந்த மனுஷன். இவங்க பண்ணின காரியம் சாதாரணமில்லை. கர்நாடக சங்கீதக் கீர்த்தனையை ஃபர்ஸ்ட் வயலின் அப்படியே வாசிக்கும். மத்த மூணும் அதுக்கு வெஸ்டர்ன் ஹார்மனி போடும்.

இது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நம்ம சங்கீதத்துல கமகம்னு ஒண்ணு இருக்கு. ஸ்வரம் ஒரே இடத்துல நிக்காது. தோடி ராகத்துக் காந்தாரத்தைக் கேளுங்க, ஊஞ்சல்ல உக்கார்ந்த மாதிரி ஆடிக்கிட்டே இருக்கும். ஹார்மனிக்கோ ஸ்வரம் தூண் மாதிரி நிக்கணும். மூணு தூண் நின்னாத்தான் மேல கூரை. ஆடற ஊஞ்சலுக்குக் கூரை போடறது எப்படி? இங்கதான் செகண்ட் வயலினும் வியோலாவும் வேலை செய்யறாங்க. மேல ஒருத்தர் அசையும்போது இவங்க எங்க அசையாம நிக்கணும், எந்த இடத்துல ஒதுங்கி வழிவிடணும்னு ஒவ்வொண்ணும் கணக்கு. இவங்க 'ரெசொனன்ஸ்' ஆல்பத்தை முதல்ல கேட்டப்போ எனக்கு சில இடங்கள் கொஞ்சம் தித்திப்பு ஜாஸ்தியா இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஃபர்ஸ்ட் வயலினை விட்டுட்டு வியோலாவை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போனப்புறம்தான் அதே இடங்கள் வேற மாதிரி திறந்துச்சு.

(ஒரு இடைச்செருகல்: வயலின் நம்ம ஊருக்கு வந்து 200 வருஷத்துக்கு மேல ஆகுது. முத்துஸ்வாமி தீட்சிதரோட தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் மெட்ராஸ்ல ஒரு வெள்ளைக்காரர்கிட்ட கத்துக்கிட்டு, கர்நாடக சங்கீதத்துக்குள்ள கொண்டுவந்தார். தஞ்சை நால்வர்ல ஒருத்தரான வடிவேலுவும் - நம்ம வைகைப்புயல் இல்லீங்க - வயலின்ல புலி. சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் அவருக்கு யானைத் தந்தத்துல செஞ்ச வயலினே பரிசா கொடுத்தார். ஆக, நால்வரும் நமக்குப் புதுசில்லை, வயலினும் புதுசில்லை.)

ரெக்கார்டிங்னு பேச ஆரம்பிச்சுட்டு ஒண்ணைச் சொல்லாம விட்டா தப்பு. மனுஷன் செஞ்சதுலயே ரொம்ப தூரம் போன ரெக்கார்டுகள்ல ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட் இருக்கு. 1977-ல் நாசா அனுப்பின வாயேஜர் விண்கலம் ரெண்டுலயும் ஒரு தங்க முலாம் பூசின இசைத்தட்டு இருக்கு. அதுல நம்ம கேசர்பாய் கேர்கரோட பைரவியும் இருக்கு. கடைசி இசையா இருக்கிறது பீத்தோவனோட ஓபஸ் 130 குவார்டெட்ல வர்ற 'கவட்டினா'. வாயேஜர்-1 இப்போ 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால போய்க்கிட்டிருக்கு. வாசிச்சது புடாபெஸ்ட் ஸ்ட்ரிங் குவார்டெட். பேருதான் புடாபெஸ்ட், அந்த ரெக்கார்டிங்ல வாசிச்ச நாலு பேர்ல ஒருத்தர்கூட ஹங்கேரிக்காரர் இல்லை, எல்லாரும் அந்தக் கால ரஷ்யப் பேரரசுல பிறந்தவங்க!

பீத்தோவன் இதை எழுதினது 1825-ல். அப்போ அவருக்குக் காது சுத்தமா கேக்காது. கண்ணீரோட இதை எழுதினார்னு நமக்குச் சொன்னவர் கார்ல் ஹோல்ஸ். அவர் யார்னு நினைக்கிறீங்க? பீத்தோவனோட அந்தக் கடைசி குவார்டெட்களை வாசிச்ச குழுவோட செகண்ட் வயலின்காரர்! இந்தக் கவட்டினாவை முதல் அடியில தொடங்கி வைக்கிறதும் செகண்ட் வயலின்தான். அது வழி காட்டினப்புறம்தான் ஃபர்ஸ்ட் வயலின் மேல வந்து சேரும். நடுவுல ஒரு இடம் வரும். கீழே மூணு பேரும் இதயத் துடிப்பு மாதிரி ஒரே சீரா அடிச்சுக்கிட்டிருக்க, ஃபர்ஸ்ட் வயலின் அந்தத் துடிப்போட சேராம, பேச வந்து தொண்டை அடைச்ச மாதிரி விட்டு விட்டு வரும். அந்த இடத்துல ரெண்டு மூணு குழுக்களோட ரெக்கார்டிங்கை அடுத்தடுத்து வெச்சுக் கேளுங்க. ஒரு குழுவுல ஃபர்ஸ்ட் வயலின் அழும். இன்னொண்ணுல அழாம அடக்கும். கீழே இருக்கிற மூணு பேரும் எவ்வளவு மெதுவா வாசிக்கிறாங்கங்கிறதை வெச்சுத்தான் அந்த வித்தியாசமே வரும்.

இவ்வளவும் நான் கேக்கிறது சேத்துப்பட்டுல. எக்மோருக்கு அடுத்த ஸ்டேஷன் சேத்துப்பட்டு இல்லீங்க. ஆரணியில பஸ் ஏறி தேவிகாபுரம் தாண்டி வந்தா வருமே, அந்த சேத்துப்பட்டு. எங்க ஊருக்கு ரயிலே கிடையாது. கீழ் வீட்ல பட்டுத்தறி ஓடும். பகல்ல தறி சத்தத்துல செல்லோவும் கேக்காது, ஒண்ணும் கேக்காது. அதனால எனக்குக் கச்சேரி டைம் ராத்திரிதான். ஒருநாள் கீழ் வீட்டு அண்ணன் தறியை நிறுத்திட்டு மாடிக்குக் காத்து வாங்க வந்தார். "இன்னா தம்பி, ராத்திரியில ஒரே வயலினு?"ன்னார். ஒரு பக்க இயர்போனைக் கொடுக்காம ரெண்டையும் அவருக்கே கொடுத்தேன். ஹைடன் ஓடிக்கிட்டிருந்துச்சு.

கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "தாளம் யாரு போடறது?"ன்னு கேட்டார்.

யாரும் இல்லைண்ணே, கண்டக்டரும் இல்லைன்னு சொன்னேன்.

"அப்புறம் எப்டி ஒண்ணா எடுக்கறாங்க?" மறுபடி கேட்டார். சட்டுனு நிமிர்ந்தார். "தம்பி... எவனோ மூச்சு இழுக்குறான்!"

ஆடிப்போயிட்டேன். குவார்டெட் ரெக்கார்டிங்ல நிஜமாவே அது கேக்கும். வில்லைத் தந்தியில வைக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர் 'ஸ்ஸ்'னு மூச்சு இழுப்பார். அதுதான் மத்த மூணு பேருக்கும் சிக்னல். எனக்கு அதைக் கவனிக்க ஒரு வருஷம் ஆச்சு. அவருக்கு ஒரு நிமிஷம். "கோர்வை சேலை நெய்யறப்போ பக்கத்துல நாடா தள்ற ஆளுகிட்ட இப்ப தள்ளு, இப்ப தள்ளுன்னா சொல்லிக்கினு இருப்போம்? மிதிக்கிற சத்தமே போதும்"னார் சர்வசாதாரணமா.

அப்புறம் கவட்டினா போட்டேன். முடியற வரைக்கும் பேசலை. இயர்போனைக் கழட்டி என் கையில கொடுத்துட்டு, "மொதல்ல ஒருத்தன் எடுத்துக் கொடுத்துட்டு ஒதுங்கிக்கினான் பாரு, அவன் பேரு இன்னா?"ன்னார்.

போன்ல தேடிப் பார்த்துச் சொன்னேன்: அலெக்ஸாண்டர் ஷ்னைடர். செல்லோ வாசிக்கிறது அவரோட அண்ணன் மிஷா.

"அண்ணன் தம்பியா? அதான்"னு சொல்லிட்டு அண்ணன் கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்துல லைட் எரிஞ்சுது. தறி ஓட ஆரம்பிச்சுது.