வலை கைமாறும்போது

சென்ற மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில், தேநீர் அருந்தும் பொருட்டு ஒரு சிறு கடையின் முன் இறங்கினேன். கடையின் முகப்பில் தொலைபேசிக் கம்பனிகளின் பலகைகள் மூன்று தொங்கின. அவற்றுள் ஒன்று உப்புக் காற்றில் நிறம் மங்கித் துருவேறியிருந்தது. அந்தப் பெயரில் இன்று இலங்கையில் கம்பனியே இல்லை. பலகையைக் கழற்றிச் செல்லக்கூட ஒருவரும் வரவில்லை போலும்.

"மாஸ்டர், என்னைத் தெரிகிறதா?" என்று ஒரு குரல் கேட்டுத் திரும்பினேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கணக்குப் படித்த பையன். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

அவன் சொன்ன கதை இதுதான். ஒரு தொலைபேசிக் கம்பனியின் பிரதேச விநியோகஸ்தரிடம் அவன் ஆறு ஆண்டுகள் வேலை செய்தான். தினமும் காலையில் நுரைச்சோலையில் தொடங்கிக் கற்பிட்டி வரை கடை கடையாக ஏறி இறங்கி, சிம் அட்டைகளும் ரீலோட் மீதியும் கொடுத்து வருவது அவனுடைய தொழில். மோட்டார் சைக்கிள் அவனுடையது. அதுவும் லீசிங்கில் எடுத்தது. பெற்றோல் செலவும் அவனுடையதே. சம்பளம் என்று ஒன்று இல்லை. விற்றதற்கேற்ற தரகு மாத்திரம் உண்டு. ஒரு நாள் அந்தக் கம்பனி வேறொரு கம்பனியுடன் இணைந்தது. வாங்கிய கம்பனிக்கு அதே ஊர்களில் ஏற்கெனவே ஒரு விநியோகஸ்தர் இருந்தார். ஒரு பாதைக்கு இருவர் எதற்கு?

"காலையில் போனில்தான் சொன்னார்கள், மாஸ்டர். நாளை முதல் வரத் தேவையில்லையாம். கடைகளுக்குக் கடனாகக் கொடுத்திருந்ததை மட்டும் நான் வசூலித்துக் கட்டிவிட வேண்டுமாம்."

தொழிற் காரியாலயத்துக்கும் போயிருக்கிறான். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நியமனக் கடிதம், சேமலாப நிதி இலக்கம், சம்பளச் சீட்டு ஆகிய மூன்றில் எது இருக்கிறது என்று வினவினாராம். ஒன்றுமே இல்லை. "அவர்மேல் குறை சொல்ல முடியாது, மாஸ்டர். என்னிடம் ஒரு தாள்கூட இல்லையே!" என்றான் பையன். அந்தச் சொல் வீடு வரும்வரை என்னைத் தொடர்ந்து வந்தது.

கம்பனிகள் கைமாறுவது இக்கரையோரத்தில் வாழும் நமக்குப் புதிய செய்தியன்று. பாலாவியிலுள்ள சீமெந்துத் தொழிற்சாலை அரசாங்கக் கூட்டுத்தாபனத்தின் உடைமையாக இருந்தது. 1990களில் அது தனியார் கைக்குப் போனது. பின்னர் சுவிட்சர்லாந்தின் ஹொல்சிம் கம்பனியிடம் சேர்ந்தது. 2016 ஆம் ஆண்டில் தாய்லாந்தின் சியாம் சிட்டி சீமெந்துக் கம்பனி அதனை வாங்கியது. வாயிற் பலகை மாறிய போதெல்லாம் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் அருவக்காட்டிலிருந்துதான் வந்தது.

தொலைபேசித் துறையிலோ இம்மாற்றம் இன்னும் வேகமானது. 1989 ஆம் ஆண்டில் செல்டெல் என்று தொடங்கிய கம்பனி, டிகோ என்று பெயர் மாற்றி, 2009 இல் எட்டிசலாட்டுக்கு விற்கப்பட்டு, 2018 இல் ஹட்ச் கம்பனியோடு இணைந்தது. 2009 இல் இங்கு சேவை தொடங்கிய எயார்டெல் லங்கா, 2024 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டயலொக் வசமானது. 2009 இல் கையடக்கத் தொலைபேசிக் கம்பனிகள் ஐந்து இருந்தன. இன்று எஞ்சியவை மூன்று. அந்நியச் செலாவணியும் மின்சாரக் கட்டணமும் கழுத்தை நெரித்த காலத்தில், சிறிய நாடொன்றில் ஐந்து கம்பனிகள் தனித்தனிக் கோபுரம் நட்டுப் பிழைப்பது கடினம் என்பது உண்மையே. இணைப்பைக் குற்றமென்று நான் சொல்லவில்லை.

ஆயினும் இணைப்பின் கணக்கை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கம்பனி மற்றொன்றை வாங்கும்போது எதற்குப் பணம் கொடுக்கிறது? வாடிக்கையாளருக்கும் அலைவரிசைக்கும் கோபுரங்களுக்கும். இரண்டாகிவிட்ட யாவும் அதன் கண்ணுக்குச் செலவாகவே தோன்றும். இரண்டு கணக்குப் பிரிவுகள், இரண்டு கிளைகள், ஒரே ஊருக்கு இரண்டு விநியோகஸ்தர்கள். வாங்கிய விலையை மீட்க வேண்டுமாயின் இரட்டையை ஒற்றையாக்க வேண்டும். கழிக்கப்படுபவனுடைய திறமையோ உழைப்போ அந்தக் கழித்தல் கணக்கில் ஓர் எண்ணாக வருவதில்லை.

உலகின் மறுகோடியிலும் இதே கணக்குத்தான். ஒரு கணினியையே பல கணினிகள்போல் இயங்கச் செய்யும் மென்பொருளால் புகழ்பெற்ற அமெரிக்கக் கம்பனி வீ.எம்.வெயார். அதனை ஏறத்தாழ 6,100 கோடி டொலருக்கு வாங்குவதாக புரோட்கொம் கம்பனி 2022 ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவித்து, 2023 நவம்பரில் வாங்கி முடித்தது. சில நாட்களுக்குள் ஆட்குறைப்புத் தொடங்கியது. கலிபோர்னியாவிலுள்ள பாலோ ஆல்ட்டோ நகரில் மாத்திரம் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். அடுத்த மாதத்திலேயே, ஒருமுறை விலை கொடுத்து என்றும் பயன்படுத்தும் உரிமத்தின் விற்பனை நிறுத்தப்பட்டு, காலத்துக்குக் காலம் சந்தா கட்டும் முறை வந்தது. அம்மென்பொருளை விற்றும் பழுதுபார்த்தும் வந்த பங்காளி நிறுவனங்களுக்கோ, பழைய ஏற்பாடு 2024 பெப்ரவரியில் முடிகிறது, இனி அழைக்கப்படுவோர் மட்டுமே தொடரலாம் என்று அறிவித்தல் போனது. பல ஆண்டு முயன்று வாடிக்கையாளரைத் தேடிக் கொடுத்தவர்கள், அழைப்பு வருமா வராதா என்று வாயிலில் காத்து நின்றார்கள். நமது கற்பிட்டி வீதிப் பையனுக்கும் அவர்களுக்கும் வேற்றுமை தொகையில்தான், நிலையில் இல்லை.

இங்கே ஒரு பேதத்தைக் கவனியுங்கள். ஊழியனுக்கு நம் நாட்டில் சட்டத்தின் நிழல் உண்டு. வேலையை முடிவுறுத்துவது பற்றிய 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வைத்திருக்கும் முதலாளி, ஒழுக்கக் காரணமின்றி ஒருவரை நீக்குவதாயின், ஒன்று அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அன்றேல் தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஆகவேதான் கம்பனிகள் "சுயவிருப்ப ஓய்வு" என்ற தாளை நீட்டுகின்றன. அதில் இடும் கையொப்பமே சம்மதம், வாசியாமல் இடலாகாது. சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் செலுத்த வேண்டும். 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்தாண்டு சேவை செய்தவருக்கு, ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பள வீதம் பணிக்கொடை உண்டு என்கிறது 1983 ஆம் ஆண்டின் சட்டம்.

தரகருக்கும் முகவருக்கும் இவற்றுள் ஒன்றும் இல்லை. பெயரில் தரகராயினும் செயலில் ஊழியரே என்று வாதிடலாம். அதற்கும் சான்று வேண்டும். எழுதிய ஒப்பந்தம் இல்லாதவனுக்கு வாயிற்சொல் எத்தனை நாள் துணை நிற்கும்?

உடப்புக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திராதவர் நம்முள் குறைவு. வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை. ஆயினும் மடி கரையேறியதும், செலவு போக எஞ்சியதில் சம்மாட்டிக்குப் பங்கு உண்டு. கயிறு பிடித்து இழுத்தவனுக்கும் பங்கு உண்டு. இழுத்த கைக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல எந்தச் சம்மாட்டிக்கும் நா எழாது. எழுத்தறியாத பாட்டன்மார் கண்ட நியாயம் இது. கோடிகளில் பேரம் பேசும் கம்பனிகளின் ஒப்பந்தத்தில், விநியோகஸ்தரின் பையனுக்கு மூன்று மாத அவகாசம் என்று ஒரு வரி எழுதத் தாள் போதாதா? கம்பனிகள் இணைவதற்கு அனுமதி வழங்கும் அதிகாரிகள் அந்த ஒரு வரியைக் கேட்கலாகாதா?

அந்நாள் வரும்வரை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடியவை சில உள. வேலையில் சேரும் நாளிலேயே கடிதம் கேள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று. தரகுக் கணக்கையும் சென்ற பாதையையும் கொப்பியில் நாள்தோறும் குறித்து வை. உன் பணத்தில் பிறர் சரக்கைக் கடன் கொடுக்காதே. தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளித்தால் நம் மீனவர் களப்பில் வலை விரிக்கிறார்கள் அன்றோ? அதுபோல ஒரே பலகையை நம்பி வாழ்வு முழுவதையும் வைக்காதே.

என் மாணவன் இப்போது காலையில் தொலைபேசி பழுதுபார்க்கிறான். மாலையில் அதே கடைகளுக்கு வேறு சரக்கு கொடுக்கிறான். கம்பனி போனாலும் கடைக்காரர்கள் அவனை மறக்கவில்லை. நான் எழுந்தபோது சட்டைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தான். புதிய விநியோகஸ்தர் ஒருவர் கொடுத்த ஒப்பந்தமாம். கையொப்பமிடுமுன் என்னிடம் காட்ட நினைத்திருந்தானாம்.

கண்ணாடியை அணிந்துகொண்டு வாசித்தேன். தரகு வீதம் இருந்தது, பாதை இருந்தது, அபராதமும் இருந்தது. நிறுத்துவதாயின் எத்தனை நாளுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்ற வரி மாத்திரம் இல்லை.

"இதைக் கேள்," என்று இடத்தைச் சுட்டினேன்.

"கேட்டால் தர மாட்டேன் என்பார்களோ, மாஸ்டர்?"

"என்றால், அதனை இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது."

சற்று யோசித்தான். பின்னர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, தாளை மீண்டும் மடித்தான்.