புஸ்தகம் கட்டும் தொழில்

வெற்றுக் குறிப்பேடுகளைக் கையால் தைத்துக் கட்டப் பழக்கும் வகுப்புகள் இப்போது பட்டணங்களில் நடைபெறுகின்றன. இது வசதியுள்ளோரின் பொழுதுபோக்கென்று சிலர் பரிகசிக்கின்றனர். நாம் அவ்விதம் கருதவில்லை. தாள்களை மடித்து, மடிப்பில் துளையிட்டு, மெழுகிட்ட நூலால் தைத்த புஸ்தகம் விரித்தால் விரிந்தபடி கிடக்கும். பசையொன்றையே நம்பி முதுகொட்டியதோ, பசை வறண்டதும் ஏடேடாய் உதிரும். 1934-ல் மகாத்மாஜியின் யோசனைப்படி வார்தாவில் அமைந்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் கைக்காகிதத்தையும் தன் வேலையாகக் கொண்டது. கந்தைப் பருத்தித் துணியைக் கூழாக்கிச் செய்யும் அக்காகிதம், மட்டரக மரக்கூழ்த் தாளைப்போல் விரைவில் பழுத்து நொறுங்குவதில்லை.

ஆனால் புதிய ஏடு கட்டுவதோடு இவ்வித்தை நின்றுவிடலாமா? சென்னைப் பொது நூல்நிலையச் சட்டம் 1948-ல் நிறைவேறியது. அச்சட்டப்படி வீட்டு வரியோடு நூல்நிலைய வரியையும் ஜனங்கள் செலுத்தி வருகின்றனர். அவர்கள் பணத்தில் வாங்கிய புஸ்தகம் முதுகு விட்டதும் பழைய காகிதக் கடைக்குப் போவது நியாயமன்று. அதைச் செப்பனிட ஊசி, நூல், கோதுமைப் பசை, பழகிய கை இவையே வேண்டும். வகுப்பு நடத்துவோர் மாதம் ஒரு நாளேனும் ஊர் நூல்நிலையத்தில் இளைஞர்களுக்கு இதைக் கற்பிக்க முன்வர வேண்டும். துணி, அட்டைச் செலவை ஸர்க்கார் ஏற்க வேண்டுமென்றும் கோருகிறோம்.