தடை போட்டாச்சு... மாற்றுப் பொருளை யார் வாங்குறது?

தோழர்களே,

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் ஸ்பூன், தட்டு, டம்ளர், ஸ்ட்ராவுக்கு நாடு முழுக்கத் தடை.

ஆனா இன்னிக்கு ஒரு பார்சல் வாங்கிப் பாருங்க. பல கடைகளில் உள்ளே அதே வெள்ளை ஸ்பூன்தான் இருக்கும். பத்து நிமிஷம் நம்ம கையில் இருக்கும். அப்புறம் நம்ம பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் மண்ணில் கிடக்கும்.

தள்ளுவண்டிக்காரரைப் பிடித்து அபராதம் போடுவது சுலபம். அவருக்குக் கட்டுப்படியாகிற விலையில் மாற்றுப் பொருள் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

மாற்று நம்ம ஊரிலேயே இருக்கு. பாக்கு மரத்தில் இருந்து தானாக உதிரும் மட்டையைப் பொறுக்கி, ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு தயார். பசையும் வேண்டாம், ரசாயனமும் வேண்டாம். ஸ்பூனும் செய்யலாம். இதற்கு மரத்தை வெட்ட வேண்டியதில்லை. தூக்கிப் போட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும்.

இலை, மட்டைத் தட்டுகளுக்கான ஜிஎஸ்டியை 2019-ல் நீக்கினார்கள். நல்ல விஷயம். ஆனா வரி போனால் மட்டும் தொழில் ஓடாது. மழைக்காலத்தில் மட்டை காயாது, பூஞ்சை பிடிக்கும். வெயில் காலத்திலேயே வாங்கி இருப்பு வைக்கணும். ஆர்டரே இல்லாதபோது, மிஷின் கடனையும் கட்டிக்கொண்டு, மட்டைக்கும் முன்பணம் போட ஒரு சுய உதவிக் குழுவால் முடியுமா?

இன்னொரு அடியும் விழுந்திருக்கு. பாக்கில் உள்ள வேதிப்பொருள் உணவில் கலக்கலாம் என்று சொல்லி, 2025-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தத் தட்டுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. இதில் உண்மை எவ்வளவு? நம்ம அரசு ஆய்வுக்கூடங்கள் சோதித்து மக்களுக்குச் சொல்லணும். அந்தச் சுமையை மட்டை பொறுக்குகிறவர் தலையில் கட்டக் கூடாது.

அதனால நாம் கேட்பது மூன்று.

✅ பாக்கு மட்டை, கரும்புச் சக்கை, மரம் என எந்தப் பொருளாக இருந்தாலும், அரசே சோதித்து முடிவை வெளியிடட்டும்.

✅ சோதனையில் தேறிய பொருளை அரசு விழாக்களுக்கும் கேன்டீன்களுக்கும் ஆண்டு ஒப்பந்தம் போட்டு, உள்ளூர்க் குழுக்களிடமே வாங்கட்டும்.

✅ மிஷினுக்கு மட்டுமல்ல, மூலப்பொருள் இருப்பு வைக்கவும் கடன் கொடுக்கட்டும்.

அரசைக் கேட்கும் முன்னால் நம்மையும் கேட்டுக்குவோம். நம்ம கூட்டம் முடிந்த மைதானத்தில் காலையில் என்ன கிடக்கு? பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் அந்த 14-ல் ஒன்றுதான், தோழர்களே. அடுத்த கூட்டத்துக்கு டீ எதில் கொடுக்கப் போறோம்? உங்க கிளையில் பேசி முடிவெடுங்க. கமென்ட்டில் சொல்லுங்க.

#தடையோடுமாற்றும்வேண்டும்