கேட்வேக்கு அப்பால் ஒரு மும்பை

நாகர்கோவிலிலிருந்தோ சென்னையிலிருந்தோ ரயிலேறி மும்பைக்கு வரும் குடும்பத்தின் நான்கு நாள் நிகழ்ச்சி நிரல் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் நாள் கேட்வே ஆஃப் இந்தியா, எலிஃபண்டா. இரண்டாம் நாள் மகாலட்சுமி, ஹாஜி அலி, சித்தி விநாயகர். மூன்றாம் நாள் ஜூஹு கடற்கரை, நடிகர்களின் பங்களா வாசல். நான்காம் நாள் துணிமணி. நடுவில் இட்லி நினைப்பு வந்தால் மாட்டுங்காவில் ஒரு வேளைச் சாப்பாடு. அப்புறம் மூட்டை முடிச்சுடன் மறுபடி ரயில்.

இதில் தவறு ஒன்றுமில்லை. துறைமுகத்தால் உண்டான ஊரைத் துறைமுகத்திலிருந்து பார்க்கத் தொடங்குவதுதான் முறை. 1661-ல் போர்த்துகீசிய இளவரசி காதரீனுக்குச் சீதனமாக இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் கைக்கு வந்தவை இந்தத் தீவுகள். 1668-ல் ஆண்டுக்குப் பத்து பவுன் வாடகைக்கு அவற்றைக் கிழக்கிந்திய கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார் அவர். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் நினைவாக எழுப்பப்பட்ட கேட்வே, 1924 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. மன்னர் பார்த்தது அட்டையில் செய்த மாதிரி வளைவைத்தான். 1948 பிப்ரவரி 28-ல் கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு இதே வளைவின் வழியாக வெளியேறியது.

வளைவுக்குப் பின்னால் நிற்கும் படகில் ஒரு மணி நேரம் போனால் எலிஃபண்டா. ஏறத்தாழ 20 அடி உயரத்துக்கு மூன்று முகத்துடன் நிற்கும் சிவனைப் பார்க்கவே இந்தப் பயணம் தகும். 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம். திங்கட்கிழமை விடுமுறை. படகில் உயிர்காப்பு அங்கியை வாங்கி மாட்டிக்கொள்வது நல்லது: 2024 டிசம்பர் 18-ல் இதே தடத்தில் சென்ற பயணிகள் படகின் மீது கடற்படையின் விரைவுப் படகு மோதிப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரைக்குத் திரும்பியதும் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ். கட்டடக் கலைஞர் ஸ்டீவன்ஸின் வடிவமைப்பு. பழைய ஆட்களுக்கு இன்னமும் வி.டி.தான்.

பெரும்பாலான வழிகாட்டிப் புத்தகங்கள் இந்த வட்டாரத்தைச் சுற்றியே வருகின்றன. ஆனால் தமிழர்கள் வந்து, வேலை பார்த்து, கோயில் கட்டி, பள்ளி நடத்தி உருவாக்கிய மும்பை இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே தொடங்குகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர். ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம். இதில் தாராவியைப் பார்க்க அதிக நாள் காத்திருப்பதற்கில்லை.

தாராவி என்றதும் தமிழ்நாட்டுக்காரருக்கு நினைவுக்கு வருவது சினிமா. 1987-ன் ‘நாயகன்’, 2018-ன் ‘காலா’. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு படங்களிலும் தாராவியாகத் தெரியும் தெருக்களில் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட். ‘நாயகன்’ படத்துக்காகத் தோட்டா தரணி தேசிய விருதே வாங்கினார். அசல் தாராவி செட்டைவிடச் சுவாரஸ்யமானது.

முதலில் அது மீனவர் கிராமம். கோலி சமூகத்தாரின் குடியிருப்பான கோலிவாடா இன்றும் இருக்கிறது. மித்தி ஆற்றுக் கழிமுகத்தைக் காவல் காக்க ஆங்கிலேயர் கட்டிய சிறு கோட்டை பஸ் டெப்போ பக்கத்தில் கவனிப்பாரற்று நிற்கிறது. உள்ளூரில் ‘காலா கில்லா’. 1737 என்று கல்வெட்டு சொல்கிறது. அன்று கழிமுகத்துக்கு அக்கரையில் இருந்தது போர்த்துகீசிய ஆட்சி. துறைமுக நகரின் பழைய எல்லைக்கோடு இந்த இடத்தில்தான் ஓடியது.

மீனவர்களுக்கு அடுத்து வந்தது தோல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாந்த்ராவில் இருந்த ஆட்டு மாட்டுத் தொட்டிக்கு அருகில் என்பதால், ஊருக்கு ஒதுக்குப்புறமான இந்தச் சதுப்பு நிலத்தில் தோல் பதனிடும் தொட்டிகள் தோன்றின. நாற்றம் பிடித்த அந்த வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடர்களும் முஸ்லிம்களும் வந்தார்கள். குஜராத்திலிருந்து குயவர்கள் வந்து கும்பார்வாடாவை அமைத்தார்கள். தாராவியின் பெரிய மசூதி 1887-ஐச் சேர்ந்தது. தமிழர்கள் கட்டிய பிள்ளையார் கோயில் 1913-ல் எழுந்தது. 1924-ல் தமிழ்ப் பள்ளியும் வந்துவிட்டது. தொட்டி 1971-ல் தேவ்னாருக்குப் போய், பதனிடும் தொழிலும் பின்னால் வெளியேறினாலும், சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் வரிசையாக நிற்கும் தோல்பொருள் கடைகள் அந்த வரலாற்றின் மிச்சம். பையோ பெல்ட்டோ பேரம் பேசி வாங்கலாம்.

சயான் ரயில் நிலையத்தில் இறங்கி 90 அடிச் சாலைக்கு வந்துவிட்டால் போதும். கடைப் பலகைகளில் தமிழ் தெரியத் தொடங்கும். காமராஜர் பெயரில் பள்ளி இருக்கிறது. ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டு வழி கேட்டால் நெல்லைத் தமிழிலேயே பதில் வரும். சந்துகளுக்குள் போனால் ஒரு வீட்டில் முறுக்குப் பிழிகிறார்கள், அடுத்த வீட்டில் துணி தைக்கிறார்கள், அதற்கடுத்ததில் பழைய பிளாஸ்டிக்கை நிறம் பிரித்துக் கொட்டியிருக்கிறார்கள். கவிழ்த்துப் போட்ட கூடைகளின் மேல் அப்பளம் காய்கிறது. விடிவதற்கு முன் இங்கே வேகும் இட்லி, சைக்கிளில் ஏறி, ரப்பர் ஹாரன் ஊதியபடி நகரின் பல மூலைகளுக்கும் போய்ச் சேருகிறது. பொங்கலன்று வந்தால் 90 அடிச் சாலையில் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவதைப் பார்க்கலாம்.

பக்கத்திலேயே நகராட்சிக் குப்பைமேடாக இருந்த இடத்தில் மரம் நட்டு உருவாக்கிய மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. 1994-ல் திறக்கப்பட்டது. தாராவியில் பறவை பார்க்கலாம் என்று சொன்னால் ஊரில் நம்பமாட்டார்கள்.

தாராவி இன்று உலகச் சுற்றுலா வரைபடத்திலும் ஏறிவிட்டது. இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டவரின் தேர்வில் தாராவி நடைப்பயணம் தாஜ்மகாலையே முந்திவிட்டதாக 2019-ல் செய்திகள் வந்தன. வறுமையைக் காட்சிப்பொருள் ஆக்குவதா என்ற கேள்வி உடன் எழுந்தது. நியாயமான கேள்வி. அதனால்தான் பொறுப்பாக நடத்தும் சில அமைப்புகள் காமிராவுக்குத் தடை போட்டுவிட்டு, சிறு குழுவாக அழைத்துப் போகின்றன. தனியாகப் போகும் தமிழருக்கும் அதே விதி பொருந்தும். வாசலே சமையலறையாகவும் குளியலறையாகவும் இருக்கும் சந்தில் எட்டிப் பார்க்கக் கூடாது. படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். முறுக்கு வாங்க வேண்டும். வாங்குபவராகப் போனால் பேச்சும் தானாக வரும்.

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் இருப்பது ஒரு ரயில் பாதை. ஆனாலும் மாட்டுங்காவில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டுத் தாராவியின் திசையைக்கூடப் பார்க்காமல் ஊர் திரும்பும் தமிழர்கள் ஏராளம். தோல் தொட்டிக்கு வந்தவர் தாராவியில் இறங்கினார். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு குமாஸ்தா வேலைக்கு வந்தவர் மாட்டுங்காவில் இறங்கினார். ஊரில் இருந்த தெருப் பிரிவினை ரயிலேறி இங்கும் வந்துவிட்டது. 1960-களின் பிற்பகுதியில் சிவசேனை தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பியபோது மட்டும் இரு தரப்புக்கும் ஒரே பெயர்: மதராஸி.

1896-ல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பிறகு, நெரிசலைக் குறைக்க நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய புறநகர்களில் ஒன்று மாட்டுங்கா. அகலமான தெரு, நிழல் தரும் மரம், ஐந்து பூங்காக்கள். பெண்களே முழுவதும் நிர்வகிக்கும் நிலையமாக 2017-ல் மாறியது மாட்டுங்கா ரயில் நிலையம். அங்கே இறங்கினால் காலடியில் மல்லிகை வாசம். வாழை இலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, காப்பிப் பொடி எல்லாம் ஒரே தெருவில். ஆஸ்திக சமாஜத்து ராமர் கோயிலையும் சங்கர மடத்தையும் நடந்தே பார்க்கலாம். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ல் தொடங்கியதும் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்காகத்தான்.

சாப்பாட்டுக்கு இரண்டு பெயர் போதும். 1940-ல் தொடங்கிய கஃபே மெட்ராஸ். 1942-ல் ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். முன்னதில் ஞாயிறு காலை வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும். பின்னதில் மாடியேறி உட்கார்ந்தால் வாழை இலைச் சாப்பாடு. இரண்டுமே உடுப்பிப் பக்கத்துக்காரர்களின் கடைகள் என்பது வரும் தமிழருக்குச் சிறு ஏமாற்றமாக இருக்கலாம். முதல் வாய் ரசத்தில் அது மறந்துபோகும்.

மாலையில் கச்சேரி இருந்தால் ஷண்முகானந்தா. 1952-ல் சபையாகத் தொடங்கி, 1963-ல் அரங்கம் திறந்து, 1990-ல் தீக்கிரையாகி, 1998-ல் மீண்டும் எழுந்தது. 2,700-க்கு மேல் இருக்கைகள். இவ்வளவு பெரிய சபா அரங்கம் சென்னையில்கூட இல்லை.

கிங்ஸ் சர்க்கிளில் மின்சார ரயில் ஏறி வடாலாவில் மாறினால் செம்பூர். இந்தத் தடத்தின் பெயரே ஹார்பர் லைன். மாட்டுங்காவில் வீடு கிடைக்காதவர்களும் வாடகை கட்டுப்படியாகாதவர்களும் கிழக்கே நகர்ந்த கதை செம்பூர். பிரிவினையில் சிந்துவிலிருந்து வந்த அகதிகளுக்கு முகாம் அமைந்ததும் இங்கேதான். அதனால் ஒரு தெருவில் தால் பக்வான், அடுத்த தெருவில் தயிர்சாதம். பக்கத்து டிராம்பேயில் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் வந்தன. ஆசியாவின் முதல் அணு உலையான ‘அப்சரா’ 1956 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியதும் டிராம்பேயில்தான். அங்கே இயக்குநர்களாக இருந்த பி.கே. ஐயங்கார், ஆர். சிதம்பரம் இருவருக்கும் தாய்மொழி தமிழ். அணு உலையைப் பார்க்க முடியாது. சேடா நகர் முருகனைப் பார்க்கலாம். மலைக்கோயில் இல்லாத ஊரில் 108 படிகளுடன் ஒரு குன்றம் கட்டி ‘திருச்செம்பூர்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டூடியோவைத் தேடிப் போக வேண்டாம். 2017 தீ விபத்துக்குப் பின் விற்கப்பட்டுவிட்டது.

ஸ்டூடியோ போனால் சினிமா மிஞ்சும். தாராவி போனால் என்ன மிஞ்சும் என்பதுதான் இப்போதைய கேள்வி. 2004-லிருந்து பேசப்பட்டு, டெண்டர் விட்டு, ரத்துசெய்து, மறுபடி விட்ட மறுசீரமைப்புத் திட்டம் 2022 நவம்பரில் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. ஏலத் தொகை 5,069 கோடி ரூபாய். நிலம் சுமார் 600 ஏக்கர், பாந்த்ரா–குர்லா வணிக வளாகத்தின் பக்கத்து நிலம். திட்ட விதிப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபிப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் வேறிடத்தில், விலைக்கோ தவணைக்கோ. கீழே அண்ணன், மேலே ஓர் அறை எடுத்துத் தம்பி என்று வாழும் குடும்பத்தில் அண்ணனுக்குத் தாராவி, தம்பிக்கு எங்கோ ஒரு மூலை.

பழையபடியே இருக்கட்டும் என்று வெளியூர்க்காரர் சொல்வது எளிது. பொதுக் கழிப்பறை வரிசையிலும் மழைக்காலச் சாக்கடையிலும் நிற்பவர் அப்படிச் சொல்லமாட்டார். குழாய்த் தண்ணீரும் சொந்தக் கழிப்பறையும் உள்ள வீடு வேண்டும் என்பதில் அங்கே இரண்டு கருத்து இல்லை. ஆனால் வீடே பட்டறையாக இருப்பதால்தான் அங்கே பிழைப்பு நடக்கிறது. பத்தாவது மாடியில் கிரைண்டரை எங்கே போடுவது, அப்பளத்தை எங்கே காயவைப்பது, விடிகாலை இட்லி சைக்கிளை எங்கே நிறுத்துவது? அடுக்குமாடிக் கட்டடங்களுக்கான வரைபடம் இதற்கெல்லாம் பதில் சொல்கிறதா என்பதைப் பொறுத்தே அந்த வீடு பரிசா, வெளியேற்றமா என்பது தெரியும்.

மும்பைக்கு வருபவர் ஒரு நாளை ஒதுக்கினால் போதும். மழை ஓய்ந்து அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். காலை ஏழு மணிக்குச் சயானில் இறங்கித் தாராவி, மதியச் சாப்பாட்டுக்கு மாட்டுங்கா, சாயங்காலம் செம்பூர் முருகன். நெருக்கடி நேரத்து லோக்கல் ரயிலைத் தவிர்க்க வேண்டும். எலிஃபண்டாவின் சிவன் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருக்கிறார், அடுத்த முறையும் இருப்பார். 90 அடிச் சாலையின் முறுக்குக் கடைக்கு அந்த உத்தரவாதம் இல்லை.