லாபம் கம்பெனிக்கு, காலி உறை வியாசர்பாடிக்கா?

ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டைக் குழந்தை தின்று முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். அதற்குப் பிறகு அந்த உறை யாருடையது? விற்ற கம்பெனி எட்டிப் பார்ப்பதில்லை. காயலான் கடையிலும் எடுத்துக்கொள்வதில்லை. பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதைப் பிரித்து யார் காசாக்குவது? குப்பை பொறுக்கிப் பிழைக்கும் அம்மாகூட தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உறையை அங்கேயே விட்டுப் போகிறார். அது கேப்டன் காட்டன் கால்வாயில் சேர்ந்து அடைக்கிறது. மழை வந்தால் தண்ணீர் நம் வீட்டுக்குள். கிராமத்துத் தோழர்கள் தங்கள் வாய்க்கால் மடையைப் பார்க்கட்டும். அங்கும் இதே உறைதான்.

ஒரு காலத்தில் சோடாவும் கலரும் கண்ணாடி பாட்டிலில் வந்தன. காலி பாட்டிலைக் கம்பெனி வண்டி வந்து எண்ணி எடுத்துப் போகும். ஒன்று குறைந்தால் கடைக்காரரோடு சண்டை! அந்தச் சுமையை இறக்கி வைக்கவும்தான் முதலாளிகள் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். இறக்கிய சுமை ஸ்தல ஸ்தாபனங்களின் தலையில், அதாவது நம் வரிப்பணத்தின் மேல் ஏறியது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பல அடுக்கு உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் முதல் பொறுப்பு, உற்பத்தி செய்பவருக்கும் பிராண்டு முதலாளிக்கும்தான் என்று 2016ஆம் வருஷத்து பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்லின. மறுசுழற்சிக்கு உதவாத உறைகளை இரண்டு வருஷத்தில் ஒழிக்க வேண்டும் என்றும் சொல்லின. அந்தக் கெடு 2018 மார்ச்சில் முடிந்தது. அதே மாதம் மத்திய சர்க்கார் விதியைத் திருத்தியது. எரித்துச் சக்தி எடுக்கலாம், வேறு உபயோகம் உண்டு என்று சொல்லித் தப்பிக்க இடம் கொடுக்கும் வார்த்தைகளை நுழைத்தது. எரியாத உறை எங்கே இருக்கிறது?

2022 பிப்ரவரியில் இன்னொரு ஏற்பாடு வந்தது. இதன்படி கம்பெனி தெருவுக்கு வர வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கினால் கணக்குத் தீர்ந்தது. ஆலை நாட்டின் எந்த மூலையிலும் இருக்கலாம். 2023இல் சோதனை போட்டபோது குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகத்து ஆலைகளில் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் அகப்பட்டன. காகிதத்திலேயே குப்பையைப் பெருக்கிவிட்டார்கள்!

போலி ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையான சான்றிதழிலும் நமக்கு என்ன கிடைக்கிறது? வீடு வீடாகச் சேகரித்து, பிரித்து, லாரியில் ஏற்றும் கடமை கார்ப்பரேஷனுடையதாகவே இருக்கிறது. அந்தச் செலவைக் கம்பெனி கட்டாயம் கொடுத்தாக வேண்டும் என்று விதியில் இல்லை. பிரான்சில் 1992 முதல் உறை போடும் கம்பெனிகள் ஒரு நிதிக்குப் பணம் கட்டுகின்றன. அதிலிருந்து நகரசபைகளுக்குச் சேகரிப்புச் செலவு போகிறது. அது ஒன்றும் சோஷலிஸ்ட் நாடு அல்ல. அங்கே கட்டுகிற பன்னாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கே மட்டும் கை வராதா?

"கம்பெனி அதை விலையில் ஏற்றிவிடுமே" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இப்போதும் நாம்தானே கொடுக்கிறோம்? சிப்ஸ் வாங்காதவனும் வரியாகக் கொடுக்கிறான், வெள்ளத்தில் கொடுக்கிறான். கிலோவுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டி வந்தால்தான், திரும்ப எடுக்கச் சுலபமான உறையைப் பற்றி முதலாளி யோசிப்பான்.

கொடுங்கையூரைப் பாருங்கள். சுமார் 66 லட்சம் டன் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்க 640 கோடி ரூபாய்த் திட்டம். எல்லாம் பொதுப் பணம். அந்த மலையில் எந்தெந்தக் கம்பெனி உறை எவ்வளவு என்று கணக்கெடுத்து அவர்களிடம் வசூலித்தால் என்ன? அங்கேயே குப்பையை எரித்து 21 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டமும் போட்டார்கள். அதை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னை ஜனங்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். மறுசுழற்சி செய்ய முடியாததை எரித்தாலும் 2022ஆம் வருஷத்து விதிப்படி கம்பெனியின் கடமை தீர்ந்ததாகக் கணக்கு. சான்றிதழ் அவர்களுக்கு, புகை நமக்கு.

செலவைக் குறைப்பது என்றால் கார்ப்பரேஷன் கண்ணுக்கு முதலில் தெரிவது கூலிதான். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. பெண்களை வேனில் ஏற்றத் தெரிந்த ஆட்சிக்கு, உறை முதலாளிக்கு ஒரு பில் அனுப்பத் தெரியவில்லை.

முடியாத காரியமா? 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பாட்டில்கள் திரும்பி வந்தன. ஆனால் எண்ணி அடுக்கும் வேலையைக் கடை ஊழியர் தலையில் கட்டினார்கள், கூடுதல் ஆள் போடாமல். அந்தத் தவறு இங்கே வேண்டாம். புனேயில் 2008 முதல் குப்பை பொறுக்குவோரின் கூட்டுறவே நகரசபையோடு ஒப்பந்தம் செய்து வீடு வீடாகச் சேகரிக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இது: சேகரித்த ஒவ்வொரு கிலோ உறைக்கும் கம்பெனி கார்ப்பரேஷனுக்கும் பஞ்சாயத்துக்கும் பணம் கட்ட வேண்டும். அதில் ஒரு பங்கு தூய்மைப் பணியாளருக்கும் பொறுக்குவோருக்கும் கூலியாகச் சேர வேண்டும். நம் வார்டில் எந்தக் கம்பெனி உறை எத்தனை டன் விழுகிறது, அதற்கு இதுவரை எவ்வளவு வசூலானது என்று உங்கள் கவுன்சிலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.